ரெஜினா மேடத்தின் இரண்டு பெட்டிகள்

செவ்வாய்க்கிழமை காலை வடசேரிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த ரெஜினா மேடம் இறந்துவிட்டார்கள். துக்கத்தோடு கூடவே, நல்லவேளை, அந்தக் காலத்திலேயே அவர்களிடம் சொல்லித் தொலைத்தேன் என்ற நிம்மதியும் வந்தது. எதைச் சொன்னேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அவர்களுடைய ஆய்வகத்தில் உதவியாளன். மேடம் முட்டத்துக் கடற்கரைக்காரர்கள். பேச்சில் பாதி கேலி. முனைவர் பட்டத்துக்காகப் புறாக்களை வைத்து ஆராய்ந்தார்கள். கூண்டில் இரண்டு பெட்டிகள். வலப்பக்கப் பெட்டியைக் கொத்தினால் பத்துக்கு ஏழு தடவை பச்சைப்பயறு கிடைக்கும். இடப்பக்கம் மூன்று தடவைதான். எது லாபம் என்று பறவை எத்தனை நாளில் கண்டுகொள்கிறது என்பதே ஆராய்ச்சி. "வெறும் பெட்டியும் அதுக்கு ஒரு பாடம்தான் தாணு அண்ணே," என்பார்கள்.

எனக்கு அந்தப் பாடம் பொறுக்கவில்லை. காக்கைக்கு வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் சோற்றில் கைவைப்பதில்லை. இடப்பக்கம் கொத்திவிட்டு வெறும் கிண்ணத்தை எட்டிப் பார்க்கும் புறாவைக் கண்டால் மனசு கேட்காது. மேடம் வகுப்புக்குப் போகிற நாட்களில் அதில் ஒரு சிட்டிகை பயறு போட்டுவிடுவேன். குறிப்பேட்டில் அதை எழுதமாட்டேன்.

மூன்று மாதமாகியும் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு மத்தியானம் மேடம் குறிப்பேட்டை மூடினார்கள். கண் கலங்கியிருந்தது. "ஆராய்ச்சியெல்லாம் எனக்குச் சரிப்படாது அண்ணே. விட்டிரப் போறேன்."

வேலை போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர்கள் குறிப்பேட்டை மறுபடி திறந்தார்கள். வகுப்பு நாட்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். அந்த நாட்களில்தான் புறாக்கள் இடப்பக்கம் போயிருந்தன. பிறகு சிரித்தே விட்டார்கள். "பாத்தியளா, புறா சரியாத்தான் படிச்சிருக்கு. நம்ம ரெண்டு பேருந்தான் ஃபெயிலு."

துறைத் தலைவர் காதுக்கு ஒரு வார்த்தைகூடப் போகவில்லை. புதிய புறாக்களோடு முதலிலிருந்து தொடங்கினார்கள். அன்று பயறு டப்பாவை என்னிடமே நீட்டினார்கள்.

"இனியும் எங்கிட்டயா மேடம்?"

"பத்துல மூணு தடவ ஏமாத்தினாலும் நல்ல பெட்டிய புறா விடாது. நான் விடுவேனா அண்ணே?"

அடுத்த சில ஆண்டுகளில் பட்டம் வாங்கினார்கள். நான் ஓய்வு பெறும்வரை அந்த டப்பா என் பொறுப்பில்தான் இருந்தது. ஒரு பயறுகூடக் கூடுதலாகப் போட்டதில்லை.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் வரிசையில் நின்று நானும் ஒரு பிடி மண் போட்டேன். அழுகை வந்தது, ஆனால் அவர்களிடம் மறைத்தது என்று எதுவும் என்னிடம் மிச்சமில்லை. போய் வாருங்கள், மேடம்.