மூன்று சுற்று ரப்பர்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் சைக்கிள் கிளப் தாம்பரத்திலிருந்து குன்றத்தூர் மலையடிவாரம் வரை பந்தயம் நடத்தியது. பாதி வழி ஜல்லி பெயர்ந்த சாலை. தண்ணீர் பாட்டிலை சீட்டுக்குப் பின்னால் கம்பி ஸ்டாண்டில் வைத்து, பழைய டியூபை வெட்டிய ரப்பர் பட்டையால் கட்டுவோம். நான் எப்போதும் ஐந்து சுற்று சுற்றுவேன். அன்று பட்டை நீளம் போதவில்லை. மூன்று சுற்றோடு கிளம்பிவிட்டேன்.

திருமுடிவாக்கம் தாண்டும்போது நான் நான்காவது. எனக்குப் பின்னால் மாணிக்கம், அங்கே ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்.

“சார், உன் பாட்டில் ஆடிகினு கீது. நிறுத்தி கட்டு!”

“நான் நின்னா நீ முந்திடலாம்னு பாக்கறியா?”

“ஐய, முந்தறவன் சொல்லிகினா முந்துவான்?” என்று சிரித்தார்.

அடுத்த பள்ளத்தில் பாட்டில் தெறித்து விழுந்தது. பின்னால் சைக்கிள் உருளும் சத்தம், ஓர் அலறல். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கால் மடங்கிக் கிடந்தார். நான் நிற்கவில்லை. மூன்றாவதாக வந்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் வாய் திறப்பதற்குள், “யாராண்டையும் சொல்லல சார். கல்லுல ஏறிட்டேன்னு சொல்லிகினேன். நீயும் வுட்டுடு” என்றார். இடது முழங்கால் அதன்பிறகு மடங்கவே இல்லை. நாளெல்லாம் நின்று செய்யும் லேத் வேலையும் போயிற்று.

சென்ற மாதம் அவர் இறந்தார். உண்மையைச் சொல்ல அவர் மகள் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். “அப்பாவுக்கு நீங்கன்னா உசுரு சார்” என்று காபி கொடுத்தாள். இரண்டு முறையும் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான் சொல்லாததால், தன் அப்பா எவ்வளவு பெரிய மனிதர் என்பது இன்னும் அவளுக்குத் தெரியாது.