நைனா எழுதச் சொன்ன ‘ஒண்ணும் இல்ல’

எங்கள் நைனாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து இந்த மலரை வாங்கிக்கொண்ட உறவுகளுக்கும், அவருடன் ஷிப்ட் பார்த்த அண்ணன்மார்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். நல்லதாக நாலு வரி எழுதிக்கொடு என்றார் பெரியப்பா. நல்லதும் எழுதுகிறேன். ஆனால் மனசு அடித்துக்கொள்கிற ஒன்றை எழுதாமல் விட முடியவில்லை.

நைனா தேர்வாய் கண்டிகை பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தார். ஏழாவதோடு படிப்பு நின்றது. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து, என்னையும் தம்பியையும் படிக்கவைத்தார். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. வாய் மட்டும் ஓயாது.

பக்கத்து ரசாயன ஆலையில் வாயு கசிந்த அன்று எல்லோரும் வெளியே ஓட, நைனா துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். அப்போதுதான் நைனாவின் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பியும், ஷிப்டில் இருந்த சில அண்ணன்மார்களும் பின்னாலேயே ஓடினார்கள். மூன்று பேரைத் தூக்கி வந்தார்கள். அதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அப்புறம் நடந்தது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.

அந்த வாயுவைச் சுவாசித்தவர்களுக்கும் காப்பாற்றப் போனவர்களுக்கும் நாளடைவில் உடம்பு என்ன ஆகிறது என்று ஆராய, ஒரு மருத்துவக் குழு ஆண்டுதோறும் வருகிறது. கேள்வித்தாளை நிரப்பி, குழாயில் மூச்சை ஊத வேண்டும். நைனாவுக்கு இழுப்பு வந்துவிட்டிருந்தது. அன்றைக்கு மட்டும் இன்ஹேலரை இரண்டு தரம் இழுத்துவிட்டுப் போய் நன்றாக ஊதிவிட்டு வருவார். விவரம் ஆலைக்குப் போகாது என்று குழுவில் வந்த டாக்டரம்மா சொன்னதை அவர் நம்பவில்லை.

“ஒண்ணும் இல்லன்னு எழுதும்மா. மூச்சு வாங்குதுன்னு தெரிஞ்சா ஆலை கேட்டாண்டயே நிறுத்திடுவான். அப்பால ஊட்ல இன்னா பண்றது?”

எழுதியது நான்தான். இருமல் இல்லை, இழுப்பு இல்லை என்று வருஷா வருஷம் என் கையால் டிக் போட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. நுரையீரல் இவ்வளவு கெட்டது ஒரு நாளில் நடந்திருக்காதே என்று கடைசியில் ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டபோது, நைனா என்னைப் பார்த்தார். நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன். எல்லோரும் இப்படியே ஊதியிருந்தால், காப்பாற்றப் போனவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதானே அந்த மருத்துவக் குழு முடிவு கட்டும்?

இப்போது தம்பி இருமுகிறான். மூட்டை தூக்கினவன் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கி நிற்கிறான். கேட்டால், “சளிதான்க்கா. நீ வேற சும்மா பேஜாரு பண்ணிக்கினு” என்கிறான். அவன் செருமினால்கூட அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறேன்.

நைனாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடிய எதிர்வீட்டு அண்ணனுக்கும், அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்து ஊட்டாத குறையாக உட்கார்ந்திருந்த சர்ச் தெரு அக்காமார்களுக்கும், நைனாவிடம் சலிக்காமல் பேச்சுக் கொடுத்த நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

வருகிற புதன்கிழமை குழு வருகிறது. நைனாவின் தாள்களில் நான் எழுதியது பொய் என்று சொல்லப் போகிறேன். அன்று உள்ளே ஓடிய அண்ணன்மாரே, நீங்களும் இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். தம்பி, உன்னைக் கேட்காமல் உன் இருமலை அச்சில் போட்டுவிட்டேன். இதனால் உன் வேலைக்கு ஏதாவது வருமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. என்னோடு எத்தனை மாதம் வேண்டுமானாலும் பேசாமல் இரு. புதன்கிழமை மட்டும் என்னோடு வா.