மூன்று ராஜாவும் ஒரு பின்பாக்கெட்டும்

என் தங்கையின் வீட்டுக்காரர் தையல்காரர். பேண்ட் தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் கடைத்தெருவில் போய்த் தையல்காரர் எங்கே என்று கேட்டால் எவனும் சொல்ல மாட்டான். ‘கடைசி ஆட்டம்’ என்று கேளுங்கள், கடை வாசலுக்கே கூட்டிவந்து விடுவான். சீட்டாட உட்கார்ந்தால், “இதுதான் கடைசி ஆட்டம்” என்று சொல்லிவிட்டுத்தான் முதல் ஆட்டத்தையே ஆரம்பிப்பார். அப்படி வந்த பேர் அது.

மற்றபடி தங்கமான மனுஷன். குடி இல்லை, புகை இல்லை, பொண்டாட்டியை அதட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. சீட்டுக்கட்டைக் கண்டால் மட்டும் கண் இரண்டும் பளபளவென்று ஆகிவிடும். அதற்கப்புறம் அவரிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று.

எங்கள் ஜமா கூடுவது டயர் கடை மாடியில். ரப்பர் வாடை தலைக்கு ஏறும். மேலே சுற்றுகிற ஃபேன் நான் காயில் கட்டிக் கொடுத்தது. எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற வேலை. நானும் ஆடுவேன், ஆனால் கொண்டுபோன காசு தீர்ந்ததும் எழுந்து நின்று அடுத்தவன் கையை எட்டிப் பார்ப்பதோடு சரி. இது ஒழுக்கம் இல்லை, பயம். என் வீட்டில் இருப்பவளை உங்களுக்குத் தெரியாது.

வம்பு என்னவென்றால், மாப்பிள்ளையின் கடைக்கு ஓனரும் அதே மேஜையில்தான் ஆடுவார். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கேயே வாடகை கொடுப்பது வழக்கம். ஆனால் ஆட்டம் முடிகிறவரை ஓனர் வாடகையைத் தொட மாட்டார். நடுவில் வேறு பணம் கையில் பட்டால் ராசி போய்விடுமாம். அதனால் அத்தனை நேரமும் வாடகை மாப்பிள்ளையின் பாக்கெட்டிலேயே கிடக்கும். பூனை மடியில் கருவாட்டை வைத்த மாதிரிதான்.

நடக்க வேண்டியது நடந்தது. ஒரு ஞாயிறு வாடகையைத் தூக்கி நடுவில் போட்டார், தோற்றார். ஜெயித்தது ஓனர். அள்ளின பணத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு அந்த மனுஷன் கொஞ்சமும் கூசாமல் கேட்டார்: “சரி, வாடகை எங்க?”

மாப்பிள்ளை அவருடைய சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னொரு மாசம் தவறினா கடையில என் பூட்டுதான் தொங்கும்” என்று ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் கடை போனால் மாப்பிள்ளைக்கு வேறு கதி இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தங்கையாவது அழுவாள் என்று பார்த்தால், அவள் ஊசி நூல் வாங்கி வந்தாள்.

தங்கை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் கடகடவென்று வாசிப்பாள், ஆனால் ஒரு பட்டன் தைக்கத் தெரியாது. தையல்காரரைக் கட்டிக்கொண்டவளுக்கு அது எதற்கு? அவள் போட்ட சட்டம் இதுதான்: மாதத்தில் அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஆட்டம். முன்பாக்கெட்டில் ஆடுகிற காசு, அது தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். வாடகை பின்பாக்கெட்டில். அதன் மூடியை அவளே ஊசியால் தைத்து விடுவாள்.

“நீயே கொண்டுபோய்க் குடுத்துடேம்மா” என்றேன்.

“நான் குடுத்தா கடை மிஞ்சும்ணே. இவரு மிஞ்சணுமே.”

“சரி, தையல்காரருக்குப் போய் நூலால பூட்டா?”

“பாப்போம்” என்றாள்.

நான் நினைத்தபடியே ஆனது. முதல் மாதமே மாப்பிள்ளை இடையில் எழுந்துபோய்த் தையலைப் பிரித்துவிட்டார். அன்று ஏதோ நல்ல நேரம், விட்டதையெல்லாம் பிடித்தார். ஓனர் கிளம்புவதற்குள் தன் கடைக்கு ஓடிப்போய், பணத்தைப் பழையபடி உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டு ஓடி வந்தார். தையலைப் பிரித்து வாடகையை எடுத்துக் கொடுக்கத் தங்கையே டயர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மூடியை ஒரு பார்வை பார்த்தாள்.

“இது நான் தைச்சது இல்ல.”

“எப்படிச் சொல்ற?” என்று மாப்பிள்ளை வாய் குழறினார்.

“இவ்ளோ அழகா எனக்கு வராதுங்க.”

பாவம் மனுஷன், அவசரத்திலும் நூல் பிடித்த மாதிரி நேராக, ஒரே அளவில் தைத்து வைத்திருந்தார். தங்கையின் தையலோ ஒன்று கிழக்கே போனால் அடுத்தது மேற்கே போகும்.

அதற்கப்புறம் அவர் கோணலாகத் தைக்கப் பழக ஆரம்பித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், துண்டுத் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பழகினார். தொழில் படித்த கை கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தைத்தாலும் நேராகவே போனது. இடது கையால் முயன்று விரலைக் குத்திக்கொண்டார். அந்த நினைப்பிலேயே ஒரு வக்கீல் பேண்டின் கால்மடிப்பைக் கோணலாக அடித்து, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

தங்கை என்னிடம் பிளேடைக் கொடுத்தாள். ஆட்டம் முடிந்ததும் அவர் பின்னால் நின்று தையலை வெட்டி, பணத்தை எடுத்து ஓனரிடம் கொடுப்பது என் வேலை. மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு இதுவும் ஒரு பிழைப்பு!

சில மாதம் போனபின் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “இந்தத் தடவை தைக்கலண்ணே. சும்மா மூடி வச்சிருக்கேன். நீ வெட்டுற மாதிரி நடி.”

“உனக்கென்ன கிறுக்கா?”

“விரல் பூரா ஊசிக்குத்து, மாத்திரை அட்டையைக்கூடப் பிரிக்க முடியல. அதோட, அவரு கை அங்க போகுதான்னு பாக்கணும்.”

போகவில்லை. அந்த மாதமும், அதற்கடுத்த மாதமும் போகவில்லை. நான் அவர் பின்னால் குனிந்து வெறும் காற்றை வெட்டினேன். சந்தேகம் வரக்கூடாதென்று வாயால் சின்னதாக ஒரு சத்தம்கூடக் கொடுத்தேன்.

அப்புறம்தான் அந்த ஞாயிறு வந்தது. ஆடினது மூணு சீட்டு. மாப்பிள்ளையின் முன்பாக்கெட் வறண்டுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். கையில் மூன்று ராஜா! மூன்று ஏஸைத் தவிர அதை அடிக்க எதுவும் கிடையாது. எதிரே ஓனர் அசையாமல் பணத்தை ஏற்றிக்கொண்டே போனார். கூட நின்று ஆடவும் காசு இல்லை, பணம் கட்டி ஓனரின் சீட்டைக் காட்டச் சொல்லவும் காசு இல்லை.

மாப்பிள்ளையின் கை என் பக்கம் நீண்டது. “மச்சான், பிளேடு.”

“வேணாம் மாப்ளே.”

“குடுங்க மச்சான். இதுதான் கடைசி ஆட்டம்.”

கொடுத்தேன். எல்லோரும் பார்க்கிறார்கள், கொடுக்காமல் என்ன செய்வது? எனக்கு வேர்த்துக் கொட்டியது. மூடியில் விரல் பட்டால் போதும், அது தானே திறந்துகொள்ளும். அப்புறம் கடையும் இல்லை, என் தங்கைக்கு நிம்மதியும் இல்லை. பிளேடு பின்பக்கம் போனது. பாக்கெட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது.

நின்றது நின்றபடி இருந்தது. பிறகு பிளேடை என் கையில் திருப்பி வைத்தார்.

“வேணாம் மச்சான். அவ தையலை என்னால திருப்பிப் போட முடியாது. பழகிப் பாத்துட்டேன், வரல.”

சீட்டைக் கவிழ்த்துப் போட்டு ஆட்டத்தை விட்டுவிட்டார். நான்தான் பொறுக்க மாட்டாமல் அதைத் திருப்பிக் காட்டினேன். மூன்று ராஜாவைக் கண்டதும் மாடியில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஓனர் தன் சீட்டைக் காட்டாமலே கட்டோடு கலைத்துவிட்டார். அவரிடம் இருந்தது என்ன என்று இன்றைக்கும் அங்கே சண்டை ஓயவில்லை. நான் வழக்கம்போலக் காற்றை வெட்டி வாடகையைக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போனதும் மாப்பிள்ளை நடந்ததை ராஜாவுக்கு ராஜா நடித்துக் காட்டினார். தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் நம்பவில்லை. மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நூல் பிசிறுகூட இல்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என் மாப்பிள்ளையை நினைத்து நான் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, தங்கை பேண்டை எடுத்து நீட்டினாள். “கிளம்புங்க. இனிமே தையலும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

அவர் அதைத் திருப்பி அவள் மடியிலேயே வைத்தார். “தைச்சு விடும்மா.”

“அதான் நீங்க தொடலையே!”

“அப்போ தையல் இருக்குன்னு நெனச்சேன். இப்பதான் பயமா இருக்கு.”

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நூலோடு மல்லுக்கட்டினாள். கோக்க வரவில்லை. கடைசியில் அதை வாங்கிக் கோத்துக் கொடுத்தது மாப்பிள்ளைதான்.