தோளில் எழுந்த கோடு

பிள்ளைகளே, போன மாதம் வீடியோ காலில் அப்பா வலது கையைத் தூக்கிக் காட்டினேன், நீங்கள் இரண்டு பேரும் கைதட்டினீர்கள். அதைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்து அப்போது மூன்று மாதம் முடிந்திருந்தது. நடை வந்துவிட்டது, கை வரவில்லை. ஈப்போ ஆஸ்பத்திரியில் கையில் வயர் ஒட்டிச் சோதிக்கப் போகிறார்கள் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கை இனி அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் லோரியை எப்படி ஓட்டுவது? ஒரு சட்டையையாவது நானே போட்டுக்கொள்ள முடியுமா? சிலிபின் வீட்டிலிருந்து காரில் போகும்போது உங்கள் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

சோதனை செய்தது ஒரு தமிழ்ப் பெண், மகள் வயதுதான் இருக்கும். தோளில், மேல்கையில், முன்கையில் என்று வயர் வைத்த சின்ன வட்ட வில்லைகளை ஒட்டினாள். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு கோடு.

"ஏம்மா, கரண்டு வைப்பீங்களா?" என்று கேட்டேன்.

"நான் ஒன்னும் வைக்க மாட்டேன் அங்கிள். தசை வேலை செஞ்சா அதுலேயே கொஞ்சம் கரண்டு வரும். அதத்தான் இந்த மெஷின் காட்டும்."

"ஊசின்னாலே ஓடுற ஆளு இவரு. கதவச் சாத்தி வைம்மா," என்றாள் உங்கள் அம்மா.

அந்தப் பெண் கையைத் தூக்கச் சொன்னாள். உங்களுக்குக் காட்டிய மாதிரியே தூக்கினேன். தோளின் கோடு குபீரென்று எழுந்தது. முன்கையின் கோடு அசையாமல் கிடந்தது. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என் தோளைப் பார்த்தாள்.

"அங்கிள், முன்னாடி தோட்டத்துல வேலை செஞ்சீங்களா?"

"ஆமாம்மா, சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டம். பால் மரம் வெட்டுனேன். ரெண்டு பக்கமும் பால் வாளி தொங்க, காண்டாக் கம்பு தூக்குன தோளு இது."

"அதான். தோளு பலமா இருக்கு. அதத் தூக்கிக் கைய வீசுறீங்க. கை சும்மா கூடத் தொங்கிக்கிட்டு வருது."

"பார்த்தீங்களா! பிள்ளைங்கள ஏமாத்துன மாதிரி மெஷின ஏமாத்த முடியாதுலா!" உங்கள் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை அது. வீடியோ காலுக்கு முன்னால் கண்ணாடி முன் நின்று வீசிப் பழகினேன். "அடுத்த மாசம் லோரி எடுத்துருவீங்கப்பா," என்று மகன் சொன்னபோது, எடுத்துவிடுவேன் என்று நானே நம்பினேன்.

அந்தப் பெண் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "இப்ப விரல மட்டும் மடக்குங்க."

மடக்கினேன். அதாவது மனதால் மடக்கினேன், விரல் அப்படியே இருந்தது. ஆனால் முன்கையின் கோட்டில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு நடுக்கம். அவள் சந்தோஷப்படவில்லை. ஃபோனால்கூட அப்படி வரலாம் என்று உங்கள் அம்மாவின் ஃபோனை அணைக்கச் சொன்னாள். மறுபடி மடக்கினேன், ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை அந்த நடுக்கம் திரும்ப வந்தது.

"இருக்கு அங்கிள். ரொம்பச் சின்னதா இருக்கு. கை வந்துரும்னு இத வச்சு நான் சொல்ல முடியாது. வராதுன்னும் சொல்ல முடியாது. டாக்டர் பார்த்துச் சொல்வாரு. ஆனா தோளு முந்திக்கிட்டே இருந்தா முன்கை கத்துக்காது. ஆறு வாரம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்."

அந்த ஆறு வாரத்தில் இதுவரை இரண்டு வாரம்தான் போயிருக்கிறது. ராத்திரி பகல் எல்லாம் அந்தக் கோடுதான் கண்ணில் நிற்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கையைத் தூக்கச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். தூக்கினால் அது தோள்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மறுநாள் காலை உங்கள் அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பிப் போனாள். நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பழைய துண்டால் வலது தோளை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினேன். இடது கையால் ஒரு நுனியைப் பிடித்து, மறு நுனியைப் பல்லால் இழுத்து முடிச்சை இறுக்கினேன். பிறகு, மேசைமேல் கிடந்த சுட்டுவிரலைப் பார்த்து, மடங்கு என்று சொன்னேன். உங்கள் அம்மா திரும்பி வந்து வாசல் கேட்டைத் திறக்கும் சத்தம் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.