சூசை அண்ணனின் சீனி

கோலாலம்பூரில் என் அலுவலகத்துக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. தேநீர் சொன்னால் கடைக்காரர் "குராங் மானிஸ்?" என்று கேட்பார். சீனி குறைவாகவா என்று அர்த்தம். என் தொப்பையைப் பார்த்துத்தான் கேட்கிறார் என்று எனக்குச் சந்தேகம். இன்று காலை அவர் கேட்டதும் நான் தனியாகச் சிரித்துவிட்டேன். மனிதர் மிரண்டுபோய்ச் சீனியே போடாமல் கொண்டுவந்து வைத்தார். ஏன் சிரித்தேன் என்று அவரிடம் விளக்க முடியவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

கொரோனாவுக்கு முந்தைய வருடங்களில் எங்கள் சபையிலிருந்து கேமரன் மலைக்கு ஒரு மருத்துவக் குழு போகும். குழுவில் மருத்துவம் தெரிந்தவர் டாக்டர் கிரேஸ் மட்டும்தான். மற்றவர்கள் என்னைப்போல ஆர்வக்கோளாறுகள். எனக்கோ ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். பார்த்துப் பார்த்து, விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கர்த்தருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அடிவாரத்து ரிங்லெட் டவுனைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்து, தேயிலைக்கு நடுவே செம்மண் பாதையில் ஏறினால் அந்தத் தோட்டப் பிரிவு வரும். பச்சைக் கொழுந்து வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குத் தலைகால் புரியாது. நானும் அதே மலையில் வேறொரு தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். அம்மாவின் சேலை முழுக்க அந்த வாசனைதான். இன்றும் விலை உயர்ந்த சென்ட் எதைக் கொடுத்தாலும் இதற்குக் கீழேதான் என்று அடித்துச் சொல்வேன்.

அங்கே மாரியம்மன் கோவிலும் தகரக் கூரை போட்ட சின்ன தேவாலயமும் எதிரெதிரே இருந்தன. கோவில் தலைவர் முனியாண்டி மாமா. தேவாலயத்துக்கு எல்லாமே ஞானம் அக்கா. யார் வீட்டு விருந்து பெரிது என்பதில் இருவருக்கும் ஓயாத போட்டி.

முதல் முறை போனபோது, சர்க்கரை பார்ப்பதால் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி முன்கூட்டியே அறிவித்திருந்தோம். ஜனங்களும் அப்படியே வந்து காத்திருந்தார்கள். எங்கள் வண்டிதான் சேற்றில் புதைந்து, போய்ச் சேர வெகுநேரமாகிவிட்டது. ஒருவழியாக மேசை போட்டு உட்கார்ந்து ஊசி குத்த ஆரம்பித்தேன். முதல் ஆளுக்குச் சர்க்கரை அதிகம். அடுத்தவருக்கு அதைவிட அதிகம். டாக்டர் கிரேஸுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன தம்பி, தோட்டத்துக்கே இனிப்பு நீரா?" என்றார்.

அப்போது வந்து உட்கார்ந்த பெரியவரின் மீசையில் ஒரு முந்திரிப்பருப்பு நெய்யோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பசியாறிட்டீங்களா ஐயா?" என்றேன்.

"ஆமாலா! ஆளுங்க வெறும் வயித்தோட நிக்கிறாங்கன்னு முனியாண்டி சக்கரப் பொங்கல் குடுத்து விட்டாரு. ஞானம் சும்மா இருக்குமா? டின் பால் ஊத்தி அண்டா நெறய டீ!"

டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அப்புறம் அவரே கண்ணில் நீர் வரச் சிரித்தார். மிச்சமிருந்த பொங்கலை நாங்களும் ஒரு கை பார்த்தோம். நான் இரண்டு கை பார்த்தேன்.

அன்று தேவாலயத்திலேயே தங்கி, மறுநாள் காலை மறுபடி பரிசோதனை. கோவில் மடப்பள்ளியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முனியாண்டி மாமாவே காவல் நின்றார். ஒவ்வொருவருக்கும் சர்க்கரை சரியாக இருக்க இருக்க, பந்து கோலுக்குள் போனதுபோல் கூச்சல்.

கடைசியாக சூசை அண்ணன் வந்தார். கொழுந்து லோரி ஓட்டுபவர். மனைவி தவறிய பிறகு அவர் வீட்டில் அடுப்பெரியவில்லை. லோரியை நிறுத்தி ஹார்ன் அடித்த இடமெல்லாம் அவருக்கு டீ வரும். எல்லாரும் பட்டினி கிடந்த அந்தக் காலையிலும் அவருக்குச் சர்க்கரை எகிறி நின்றது. கூச்சல் சட்டென்று அடங்கியது.

"டாக்டர், தொரைக்குத் தெரிஞ்சா லோரில ஏற விட மாட்டாரு. எனக்கு வேற ஒன்னும் தெரியாது" என்றார்.

டாக்டர் மழுப்பவில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய் முறையாகப் பரிசோதித்து மாத்திரை வாங்கச் சொன்னார். "அடுத்த தடவை நாங்க வரும்போது குறையலைன்னா, லோரி ஓட்ட வேணாம்னு நானே சொல்லிருவேன்ணே."

அதன்பிறகு லயமே அவர்மேல் பாய்ந்தது. எந்த வீட்டிலும் சீனி கிடையாது, கழனித் தண்ணி மாதிரி ஒரு டீ. தனியாகக் குடிக்கவிட்டால் அழுதுவிடுவாரோ என்று கூட இருப்பவர்களும் அதையே குடித்தார்கள். கோவில் பொங்கலுக்குப் போய் நின்றவரிடம் முனியாண்டி மாமா சுண்டலை நீட்டினார். ஒரு நாள் கொழுந்து இறக்கிய கையோடு ரிங்லெட்டுக்குத் தப்பி ஓடி "ஒரு தே தாரேக், நல்லா இனிப்பா" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர், "ஞானம் அக்கா போன் பண்ணிட்டாங்கண்ணே" என்றாராம்.

அடுத்த முறை நாங்கள் போனபோது மருந்துப் பெட்டியைக்கூட இறக்க விடவில்லை. "மொதல்ல சூசைக்குக் குத்துலா!" என்றார் ஞானம் அக்கா. ஊசியை எடுத்தேன். லயமே என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது. குறைந்திருந்தது! நன்றாகவே குறைந்திருந்தது! நான் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் கோவில் மணியும் தேவாலய மணியும் ஒன்றாக அடித்தன. சூசை அண்ணன் லோரியில் ஏறி விடாமல் ஹார்ன் அடித்தார். ஞானம் அக்காவும் முனியாண்டி மாமாவும் கைகோத்து ஆடினார்கள். டாக்டர் கிரேஸ் கையுறைகளை ஊதிப் பலூன் செய்து பறக்கவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கிறிஸ்துமஸிலும் இருந்ததில்லை.

இப்போது அந்த லயத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நம் ஆட்கள் பிள்ளைகளோடு ஈப்போ, கிள்ளான் என்று ஆளுக்கொரு திசையில் இறங்கிவிட்டார்கள். எங்கள் குழுவும் கலைந்துவிட்டது. சூசை அண்ணன் கிள்ளானில், மகனின் அடுக்குமாடி வீட்டில். மகனும் மருமகளும் இருட்டோடு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். போன வாரம் கூப்பிட்டுப் பேசினேன். சர்க்கரை மறுபடி ஏறிவிட்டதாம்.

"என்னண்ணே, அவ்வளவு கஷ்டப்பட்டுக் கொறச்சீங்களே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"இங்க எத்தன கரண்டி சீனி அள்ளிப் போட்டாலும் ஏன்னு கேக்க ஒரு ஆளு இல்லலா தம்பி."