சித்தப்பா வார்த்த பாப்பா

அந்தச் சிலையை வாசலில் இறக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. கவுன் போட்ட மூன்று வயதுக் குழந்தை, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கும். முழுக்க இரும்பு. என் சித்தப்பாவின் ஒரே மகள் அவள். தொண்ணூறுகளில் ஒரு வருஷம், ஆவணியில் காய்ச்சலென்று படுத்தவள் ஐப்பசியில் போய்விட்டாள். அதன்பின் சித்தி யாரோடும் பேசவில்லை. சித்திக்காகத்தான் சித்தப்பா அந்தச் சிலையைச் செய்தார்.

கணபதி என்கிற ஊர்ப் பக்கம், இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் அவர் பேட்டர்ன் மேஸ்திரி. இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன் மரத்தில் அச்சு செய்வது அவர் வேலை. ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் அச்சைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வார்கள். மனுஷனுக்கு அது ரத்தத்தில் ஊறிய கணக்கு. டெய்லரிடம்கூட, "நான் ஆறுனாலும் சுருங்க மாட்டேனுங்க, அளவாவே தைங்க" என்று வம்பிழுப்பார். அப்படிப்பட்டவர் பாப்பாவின் அச்சில் அந்தக் கணக்கை விட்டுவிட்டார். மறந்தாரா, பெற்ற மகளைக் கூட்டிச் செய்யக் கை வரவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

சிலையை நிலைக்கதவோரம் நிறுத்தினோம். பாப்பா இருந்தவரை, மாசம் பிறந்தால் அவளை அங்கே நிற்கவைத்து, தலைக்கு மேல் நிலையில் பென்சிலால் கோடு போட்டு, மாசத்தின் பெயரும் எழுதுவார் சித்தப்பா. மேல்கோடு ஐப்பசி. நிற்க முடியாத குழந்தையைப் படுக்கையிலிருந்து தூக்கிப் பிடித்துப் போட்ட கோடு அது. அந்த உயரத்துக்குத்தான் அச்சு செய்திருந்தார். சிலையோ சுண்டுவிரல் அகலம் குறைவாக நின்றது.

சித்தப்பா அப்படியே குந்திவிட்டார். "தப்புப் பண்ணிப்போட்டேன் அம்மணி. எம்புள்ளையக் கொறைச்சுப்போட்டேன். திருப்பிக் கொண்டுபோயி உருக்கி மறுக்கா ஊத்திக் கொண்டாறேன்" என்று சித்தியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இதைப் பார்த்து சித்தி இன்னும் ஒடிந்துபோவாளே என்று பயந்தேன்.

சித்தி மெதுவாக எழுந்து வந்தாள். சிலையின் தலையில் உள்ளங்கையை வைத்து, அப்படியே நிலைக்கு நகர்த்தினாள். கை நின்ற கோட்டில் இருந்த எழுத்தை வாசித்தாள்.

"ஏனுங்க, இது ஆடி மாசத்துப் பாப்பாங்க. இவளுக்கு இன்னும் காய்ச்சலே வரலீங்க. ஊட்டுக்குள்ள கொண்டாங்க."