பூட்டிய வீட்டுக்குள் இருந்து ஒரு குரல்

இன்று மடத்துவெளி ஊருக்குள் செத்துப் பிழைத்தேன்.

நான் படிப்பது ஆவணப் புகைப்படம். இந்த வாரப் பயிற்சிக்கு மட்டும் ஓர் இயற்கைப் படம் கொடுக்கவேண்டும். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டு முற்றத்து மாதுளையில் தேன்சிட்டுக் கூடு தெரிந்தது. மதிலால் குதித்து, தாய்க்குருவி வரும்வரை கூட்டுக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தேன்.

"ஆர் பிள்ளை அது?"

ஆண் குரல். வீட்டுப் பக்கம் இருந்துதான். கதவிலோ துருப்பிடித்த பூட்டு. வெளியே ஒழுங்கையில் ஒரு சனம் இல்லை.

"உம்மைத்தான். அசையாதையும்!"

கமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டேன்.

"ஐயோ, அழாதையும். கூரைக்குக் கீழை பாரும்."

சிசிடிவி கமரா. வீட்டுக்காரர் கனடாவில் இருந்து அதற்குள்ளால் கதைக்கிறார்.

"களவெடுக்க வந்த ஆளெண்டு நினைச்சன். அந்தக் குருவிக்கு நான்தான் காவல்."

மன்னிப்புக் கேட்டு, குருவிப் படம் அனுப்புவதாகச் சொல்லி என் நம்பரைக் கொடுத்தேன். அவர்தான் முதலில், சிசிடிவியில் விழுந்த படத்தை அனுப்பினார்: வாயைத் திறந்து அழுகிற நான், எனக்குப் பின்னால் கூட்டில் தாய்க்குருவி.

என் கமராவில் வெறும் கூடு மட்டும்தான். இனி பயிற்சிக்கு எந்தப் படத்தைக் கொடுப்பது, சொல்லுங்கோ?